எட்டாவது சுரம்: பீபொப் இசையின் இலக்கணமும் உயிரும்

ஒரு கலைவடிவத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் இலக்கணத்தை அறிந்தால் மட்டும் போதுமா? இவ்வினா இலக்கிய மாணவர்க்குப் புதியதன்று. யாப்பிலக்கணம் முழுவதையும் மனனஞ் செய்தவர் அக்காரணத்தாற் கவிஞராகிவிடுவதில்லை என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் பரீட்சை மண்டபத்தில் எம்மிடம் பெரும்பாலும் கேட்கப்படுவன சீரும் தளையும் தொடையுமே; குறித்தவொரு செய்யுள் அந்த ஓசையை ஏன் வேண்டி நின்றது என்ற வினா அரிதாகவே எழுகின்றது. பழகிப்போன எமது இலக்கியங்களை வைத்துக்கொண்டு இக்குறையை நோக்குவது கடினம். ஆகவே, எமக்கு மிகவும் தொலைவிலுள்ள ஓர் இசைமரபை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1940களின் முற்பகுதியில் நியூயோர்க் நகரிலே ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் உருவாக்கிய ஜாஸ் இசைப்பாணி பீபொப் எனப்படும். அதனை வாசிக்கக் கற்போருக்கெனப் பிற்காலத்தில் வகுக்கப்பட்டவை பீபொப் ஸ்கேல்கள். மேலைத்தேய இசையார் ஸ்கேல் என வழங்குவதை இங்குச் சுரநிரை என்றும், கோட் என வழங்குவதைச் சுரக்கூட்டு என்றும் குறிப்பிடுவேன். இன்று ஜாஸ் பயிலப் புகும் மாணவரொருவர் தொடக்கத்திலேயே இச்சுரநிரைகளைச் சந்திக்கின்றார். இவற்றைப் பாடமாக்கிவிட்டால் சார்ளி பார்க்கரைப் போல வாசிக்கலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு ஏற்படுகின்றது. அந்நம்பிக்கை எவ்வளவுக்கு உண்மை, எவ்விடத்திற் பொய்யாகின்றது என்பதே எமது வினா.

1

முதலில் இவ்விசை தோன்றிய சூழலைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமுடையது. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் மேலோங்கியிருந்தது சுவிங் எனப்படும் ஜாஸ். பதினைந்து பேர் வரையிலான பெரிய வாத்தியக் குழுக்கள், எழுதிவைக்கப்பட்ட இசையமைப்பு, அதற்கேற்ப ஆடும் மக்கள் கூட்டம் என்பன அதன் அடையாளங்கள். தனிக்கலைஞர் ஒருவர் எழுந்து தம் கற்பனையில் வாசிப்பதற்கு அங்குக் கிடைத்த இடம் குறுகியது. கறுப்பினத்தார் உருவாக்கிய அவ்விசையிலிருந்து பெரும்பொருள் ஈட்டியோர் பலர் வெள்ளையினக் குழுத்தலைவர்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இந்நிலையில், ஊதியத்துக்காக வாசித்து முடித்த பின்னர், நள்ளிரவு கடந்து இளங்கலைஞர் சிலர் தமக்காகவே கூடி வாசிக்கலாயினர். அவர்கள் கூடிய இடங்களுட் புகழ்பெற்றது ஹார்லெமின் 118 ஆம் வீதியில் 1938 இல் திறக்கப்பட்ட மின்ரன்ஸ் பிளேஹவுஸ். பியானோவில் தெலோனியஸ் மொங்கும் தாளவாத்தியத்தில் கெனி கிளாக்கும் அங்கு நிலையாக வாசித்தனர். ட்றம்பெற் கலைஞர் டிஸி கில்லெஸ்பியும் சக்ஸபோன் கலைஞர் சார்ளி பார்க்கரும் அங்கு வந்து சேர்ந்தனர். அங்கே பாடல்களின் வேகம் கூடியது, சுரக்கூட்டுக்கள் நெருக்கமாயின, திறமையற்றவர் மேடையில் நிலைக்க இயலாத நிலை உருவாயிற்று.

வெளிக்காரணிகளும் இம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தன. 1944 இல் ஐக்கிய அமெரிக்க அரசு ஆடலும் பாடலும் நிகழும் விடுதிகளின் வருமானத்தின்மீது முதலில் 30 வீதமும் பின்னர் 20 வீதமுமாக வரி விதித்தது. வாத்திய இசை மட்டும் நிகழுமிடங்கள் அவ்வரிக்கு உட்படவில்லை. ஆடுவதற்கன்றி அமர்ந்து கேட்பதற்கான சிறிய குழுக்களின் இசை செல்வாக்குப் பெற இதுவுமொரு காரணம். மேலும், 1942 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுடன் நடத்திய போராட்டத்தினால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புதிய வாத்திய இசைப்பதிவுகள் பெரும்பாலும் நிகழவில்லை. பீபொப்பின் குழவிப்பருவம் அக்காலத்திலேயே கழிந்தது. ஏட்டிலும் பெரிதாக எழுதப்படாமல், இசைத்தட்டிலும் பெரிதாகப் பதியப்படாமல், செவியினாலும் போட்டியினாலும் வளர்ந்ததோர் இசை இது. சுரநிரை அட்டவணை எதுவும் அக்கலைஞர் கையில் இருக்கவில்லை.

1945 நவம்பர் 26 அன்று பதிவுசெய்யப்பட்ட 'கோ-கோ' என்னும் இசைத்தட்டை அவர்கள் எய்திய நிலைக்குச் சான்றாகக் கொள்ளலாம். 1938 இல் ரே நோபிள் இயற்றிய 'செரோக்கீ' என்னும் பாடலின் சுரக்கூட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மெட்டை முற்றாகக் கைவிட்டு, பார்க்கர் அதன்மேல் புதியதொன்றைக் கட்டியெழுப்புகின்றார். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 தட்டுக்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சுரங்கள் வீதம் வாசிப்பவர் ஒரு செக்கனிற் பத்துச் சுரங்களைக் கடக்க வேண்டும். நான்கு தட்டுக்கள் கொண்ட ஒரு சுற்று ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். இவ்வேகத்தில், மாறிக்கொண்டே செல்லும் சுரக்கூட்டுக்களின்மேல், பொருளுள்ள தொடர்களை உடனுக்குடன் புனைவது எவ்வாறு? பீபொப் சுரநிரை என்பது இவ்வினாவுக்குக் கிடைத்த விடையின் ஒரு பகுதியே. வினாவை மறந்துவிட்டு விடையை மட்டும் மனனஞ் செய்வதனாலேயே குழப்பம் நேர்கின்றது.

2

இனி அவ்விடையின் இயல்பை நோக்குவோம். வாசகர் எளிதில் அறியும்பொருட்டு எமது சங்கீதத்தின் சுரப்பெயர்களையே பயன்படுத்துகின்றேன். இஃது விளக்கத்துக்கு மட்டுமே. இராகம் என்பது வெறுஞ் சுரநிரையன்று; சுரக்கூட்டுக்களின் அசைவை ஆதாரமாகக் கொண்ட ஜாஸும் அத்தகைய கூட்டுக்கள் அற்ற கர்நாடக இசையும் வெவ்வேறு அடித்தளங்களில் நிற்பவை.

பீபொப் கலைஞர் அடிக்கடி சந்திக்கும் சுரக்கூட்டு ஒன்று ச, க, ப, நி என்னும் நான்கு சுரங்களால் ஆனது. இதில் வரும் நி, கைசிகி நிஷாதம். இக்கூட்டுக்குப் பொருந்துகின்ற ஏழு சுரநிரை எமது அரிகாம்போதி மேளத்தின் சுரங்களை ஒத்தது. கூட்டு ஒலித்துக்கொண்டிருக்கையில் அந்நான்கு சுரங்களும் வீடு போன்றவை. ரி, ம, த ஆகிய மூன்றும் வழி போன்றவை. தொடர் தெளிவாக ஒலிக்க வேண்டுமாயின் வீட்டுச் சுரங்கள் தட்டின்மேலும் வழிச்சுரங்கள் தட்டுக்களுக்கு இடையிலும் விழுதல் நன்று.

மேற்சட்சத்திலிருந்து தட்டுக்கு இரண்டாக இறங்கிப் பார்ப்போம்: ச, நி, த, ப, ம, க, ரி, ச. முதலாந் தட்டில் ச விழுகின்றது. இரண்டாந் தட்டில் த, மூன்றாந் தட்டில் ம, நான்காந் தட்டில் ரி. வீட்டுச் சுரங்களாகிய நி, ப, க மூன்றும் தட்டுக்களுக்கு இடையில் ஒதுங்கிவிடுகின்றன. முடிவிலே வரும் கீழ்ச்சட்சமும் தட்டுக்குப் பிந்தி இடையிலேயே விழுகின்றது. சுரங்கள் யாவும் பொருத்தமானவையே. ஆயினும் அவை பிழையான வேளையில் வந்துசேர்கின்றன. கேட்போரின் செவிக்கு வேறொரு சுரக்கூட்டை வாசிப்பது போன்ற மயக்கம் ஏற்படுகின்றது. ஏழு என்பது ஒற்றை எண். தட்டுக்கு இரண்டு என்பதோ இரட்டை. குறை சுரத்தில் அன்று, கணக்கில் உள்ளது.

இப்பொழுது மேற்சட்சத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் இடையிலுள்ள காகலி நிஷாதத்தை எட்டாவது சுரமாகச் சேர்ப்போம்: ச, காகலி நி, கைசிகி நி, த, ப, ம, க, ரி. முதலாந் தட்டில் ச, இரண்டில் கைசிகி நி, மூன்றில் ப, நான்கில் க. வீட்டுச் சுரங்கள் நான்கும் நான்கு தட்டுக்களில் ஒழுங்காக அமர்ந்துவிடுகின்றன. அடுத்த சுற்றின் முதலாந் தட்டிற் கீழ்ச்சட்சம் வந்துசேர்கின்றது. எத்தனை தாயி இறங்கினாலும் இவ்வொழுங்கு குலைவதில்லை. இதே முறையில், சங்கராபரணத்தை ஒத்த சுரநிரையில் பஞ்சமத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் இடையே சுத்த தைவதத்தைச் சேர்த்து இன்னொரு சுரநிரையும் அமைப்பர். கூட்டு வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இவ்வெட்டாவது சுரத்தின் இயல்பை விளக்க எமது யாப்பிலக்கணத்திற் பொருத்தமானதோர் உவமை உண்டு. செய்யுளில் ஓசை குறையுமிடத்து அதனை நிறைத்தற்பொருட்டு நெட்டெழுத்துத் தன் மாத்திரையின் மிக்கு ஒலிப்பதை இசைநிறை அளபெடை என்பர். அவ்வளபெடை சொல்லுக்குப் புதிய பொருள் எதனையும் தருவதில்லை. ஆயினும் அது இல்லாவிடின் தளை தட்டும். செய்யுள் நடை தளரும். எட்டாவது சுரமும் அத்தகையதே. அது சுரக்கூட்டுக்கு உரியதன்று. தன்னளவிற் சொல்லும் செய்தியும் அதற்கில்லை. மற்றைச் சுரங்கள் தத்தம் வேளையில் வந்துசேர அது இடைநின்று உதவுகின்றது. அளபெடைகளைத் தொகுத்து அடுக்கினால் செய்யுளாகாது. எட்டுச் சுரங்களை ஏற்றி இறக்கினாலும் அவ்வாறே பீபொப் ஆகாது.

இதனை இக்கட்டுரையாளன் அனுபவத்தாலும் அறிந்துகொண்டான். இசையை முறையாகப் பயின்றவனல்லனாயினும், பழையதோர் ஆர்மோனியத்தில் இவ்வெட்டுச் சுரங்களையும் மாலை தோறும் வாசித்துப் பார்த்ததுண்டு. விரல்கள் ஓரளவுக்குப் பழகின. கேட்டுக்கொண்டிருந்த நண்பர்களில் ஒருவரேனும் அதனை ஜாஸ் என்று கருதவில்லை.

3

அட்டவணையின் போதாமை இத்துடன் நின்றுவிடுவதில்லை. அதே எட்டுச் சுரங்களை, அதே வரிசையில், தைவதத்தை முதலாந் தட்டில் வைத்துத் தொடங்கி இறங்கிப் பார்க்கலாம்: த, ப, ம, க, ரி, ச, காகலி நி, கைசிகி நி. இப்பொழுது தட்டுக்களின்மேல் விழுபவை த, ம, ரி, காகலி நி. வீட்டுச் சுரம் ஒன்றேனும் தட்டில் இல்லை. அதுமட்டுமன்று, கூட்டுக்கு முற்றிலும் புறம்பான காகலி நிஷாதமே நான்காந் தட்டில் வீற்றிருக்கின்றது. குறை தீர்க்கச் சேர்த்த சுரமே இங்குக் குறையாகிவிடுகின்றது. ஆனால் அத்தைவதத்தையே அரைத்தட்டுப் பிந்தித் தொடங்கினால் பஞ்சமம் தட்டில் விழும்; அதன்பின் யாவும் ஒழுங்காகும். சுரங்கள் மாறவில்லை, வரிசை மாறவில்லை. தொடங்கிய கணம் மட்டுமே மாறிற்று.

ஆகவே, சுரநிரை என்ற பெயரே ஓரளவுக்கு மயக்கந் தருவது என்று கூறலாம். அப்பெயர் எந்தச் சுரங்கள் என்ற வினாவுக்கு விடை கூறுவது போலத் தோன்றுகின்றது. உண்மையில் இங்குள்ள பிரச்சினை எப்பொழுது என்பது. டிட்ரொயிற் நகரிற் பிறந்த பியானோக் கலைஞரும் ஆசிரியருமான பரி ஹரிஸ் (1929–2021) இதனை நன்குணர்ந்தவர். பீபொப் தலைமுறையினரின் வாசிப்பைச் செவியாற் கற்று வளர்ந்த அவர், எட்டுச் சுர வாய்பாடு ஒன்றைக் கொடுத்து மாணவரை அனுப்பிவிடவில்லை. எந்தச் சுரத்திலிருந்து இறங்குகின்றோம், எங்குச் சென்றடைய விரும்புகின்றோம் என்பவற்றைப் பொறுத்து இடையில் அரைச்சுரம் சேர்ப்பதா, விடுவதா, ஒன்றா, பலவா எனத் தீர்மானிக்கவே அவர் பயிற்றினார். முதுமையிலும் நியூயோர்க்கில் அவருடைய வகுப்புக்கள் தொடர்ந்தன. அவருடைய முறையிலும் விதிகள் உண்டு. ஆனால் அவை சேரிடம் நோக்கிய விதிகள்.

இனிப் பார்க்கரின் வாசிப்பையே மீண்டும் கேட்போம். 'கோ-கோ'வில் அவருடைய தனிவாசிப்பு 64 சுற்றுக்கள் கொண்ட அமைப்பை இருமுறை கடக்கின்றது. நூறு செக்கனுக்குச் சற்று மேற்பட்ட காலம். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டால் எட்டுச் சுர இறக்கங்கள் ஆங்காங்கே செவிக்குப் புலனாகும். ஆனால் அவை தொடர்களின் உறுப்புக்களாகவே வருகின்றன. ஒரு தொடர் தட்டுக்கு இடையிலே தொடங்குகின்றது. ஏறுகையிற் கூட்டுச் சுரங்களைத் தாவிச் செல்கின்றது. இறங்குகையில் அரைச்சுரங்களைத் தழுவுகின்றது. எதிர்பாராத இடத்தில் அறுந்து மௌனமாகின்றது. அம்மௌனத்திலே மக்ஸ் ரோச்சின் தாளவாத்தியம் விடையிறுக்கின்றது. தொடரின் ஈற்றில் வெட்டியெறிந்தாற் போல விழும் இரு சுரங்களின் ஒலியே பீபொப் என்னும் பெயருக்குக் காரணமென்று கருதுவாருமுளர்.

இன்னொன்றையுங் கவனித்தல் வேண்டும். வீட்டுச் சுரங்கள் தட்டில் விழுகின்றன என்றோம். ஆனால் பார்க்கர் தம் அழுத்தத்தைப் பெரும்பாலும் தட்டுக்களுக்கு இடையிலுள்ள சுரங்களிலேயே கொடுக்கின்றார். சுருதியின் ஒழுங்கு ஓரிடத்தில், மூச்சின் விசை வேறோரிடத்தில். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இழுபறியே அவ்விசைக்கு முன்னோக்கிய உந்துதலைத் தருகின்றது. சுரநிரை முதலாவதை மட்டுமே கூறுகின்றது. அதனை மாத்திரம் கற்றவர் அழுத்தத்தையும் தட்டின்மேலேயே வைப்பர். வாசிப்பு அணிநடை போலாகிவிடும்.

4

எமது மரபில் இலக்கியத்தின் பின்னரே இலக்கணம் பிறக்கும் என்பர். இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. பார்க்கர் 1955 மார்ச் 12 அன்று தமது 34 ஆவது வயதில் மறைந்தார். பீபொப் சுரநிரைகளுக்குப் பெயரிட்டு அவற்றைப் பாடநூல் வாயிலாக நிலைபெறச் செய்தவர் என அறியப்படுபவர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கல்வியை வளர்த்த டேவிட் பேக்கர் (1931–2016). அவருடைய பீபொப் பயிற்சி நூல்கள் 1980களில் வெளிவந்தன. பார்க்கர் 'கோ-கோ'வை வாசித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அவர் வாசித்ததற்கு இப்பெயர் நிலைத்தது.

இதனைக்கொண்டு பேக்கரைக் குறைகூறல் நேர்மையாகாது. அவர் வெளியிலிருந்து வந்து அளந்து பார்த்தவரல்லர். தாமே கறுப்பினக் கலைஞர். ட்றொம்போன் வாசிப்பிற் சிறந்து விளங்கியவர். விபத்தொன்றின் விளைவாகத் தாடையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவ்வாத்தியத்தைக் கைவிட நேர்ந்தவர். ஐரோப்பிய செவ்வியல் இசைக்கே இடமளித்து வந்த இசைப்பீடங்களில், தம் மக்களின் இசையும் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியதென நிறுவுவதற்கு அவருக்கு இலக்கணம் தேவைப்பட்டது. செவிவழி ஞானத்தை ஏட்டில் எழுதியமையால் ஹார்லெமின் நள்ளிரவுகளைக் காணாத ஆயிரக்கணக்கானோர்க்கு வாயில் திறந்தது. இலக்கணம் செய்த நற்பணியை மறுக்க இயலாது.

எனினும், ஒரு பழைய குற்றச்சாட்டை இவ்விடத்தில் நினைவுகூர்தல் அவசியம். ஜேர்மானிய மெய்யியலாளர் அடோர்ணோ 1936 இல் ஜாஸைப் பற்றி எழுதியபொழுது, அதன் சுதந்திரம் போலியானது என்றார். உடனுக்குடன் புனைவதாகத் தோன்றுவன யாவும் முன்னரே வார்க்கப்பட்ட அச்சுக்களின்மேல் தூவப்பட்ட அலங்காரங்களே என்பது அவர் கருத்தின் சாரம். பீபொப் தோன்றிய பின்னரும், 1953 இல், அவர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. மறுபுறத்தில், ஜாஸின் முன்னோடியாகிய லூயி ஆம்ஸ்ட்ரோங்கே 1940களின் இறுதியில் புதிய பாணியை வெளிப்படையாகக் கண்டித்தார். மெட்டுமில்லை, ஆடவும் இயலாது என்ற முறைப்பாடு அக்காலத்திற் பரவலாக எழுந்தது. ஒருசாரார்க்குப் பீபொப் அச்சில் வார்த்த பொருள். மறுசாரார்க்கு மக்களைக் கைவிட்ட உருவவாதம்.

இவ்விரு குற்றச்சாட்டுக்களுக்கும் விடை ஒரேயிடத்தில் உள்ளது என்பது என் துணிபு. மின்ரன்ஸில் வேகமும் சிக்கலும் பெருகியமைக்கு மக்களை வெறுத்தமை காரணமன்று. விருந்தினரை மகிழ்விக்கும் ஏவலாளர் நிலையிலிருந்து விலகி, தம்மைக் கலைஞராக மதித்துக் கேட்குமாறு ஒரு தலைமுறை விடுத்த கோரிக்கையே அச்சிக்கலாக உருவெடுத்தது. எட்டாவது சுரமும் அத்தேவையின் குழந்தை. அதனை அத்தேவையோடு சேர்த்துக் கேட்பவர், ஒவ்வொரு கணமும் எங்குத் தொடங்குவது, எதனைச் சேர்ப்பது, எங்கு நிறுத்துவது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கும் ஒரு மனத்தைக் கேட்கின்றார். அங்கே அடோர்ணோவின் வாதம் வலுவிழக்கின்றது. அத்தேவையிலிருந்து பிரித்தெடுத்து, எங்கும் எப்பொழுதும் பொருந்துமொரு வாய்பாடாக அதனைப் பயில்பவரோ, அடோர்ணோ வருணித்த அந்த அச்சைத் தம் கையாலேயே செய்துகொள்கின்றார். பீபொப்பின் எதிரி கூறியதை அதன் மாணவரே மெய்ப்பிக்கும் அவலம் இது.

முடிவாக ஒன்று கூறலாம். பார்க்கர் பதின்மூன்றாம் பதினான்காம் வயதுகளிலேயே ஞானம் பெற்றுவிட்ட மேதையல்லர். 1936 இல் கன்சாஸ் நகரிலே ஒரு மேடையில் அவர் தடுமாறியபொழுது, தாளவாத்தியக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தம் வெண்கலத் தாளத்தைக் கழற்றி அவர் காலடியில் எறிந்து அவரை இறங்கச் செய்தார் என்பது ஜாஸ் வரலாற்றிற் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அடுத்த கோடையில் மலைப்பாங்கான விடுதியொன்றில் வேலைசெய்தபடி, லெஸ்ரர் யங்கின் இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் பயின்றார். அவரும் கற்றார், மனனமுஞ் செய்தார். ஆனால் அவர் மனனஞ் செய்தவை முழுமையான வாசிப்புக்கள். விதியைத் தாமே அவற்றினின்று உணர்ந்தார்.

பீபொப் பயில விரும்பும் மாணவர்க்கும், கவிதை பயிலும் எமக்கும் இதுவே பாடமாகும். சுரநிரையைக் கற்க வேண்டும். அளபெடையையும் கற்க வேண்டும். ஆயினும் இசைத்தட்டை ஒருபுறம் வைத்துவிட்டு அட்டவணையைத் திறப்பது, செய்யுளை ஒருபுறம் வைத்துவிட்டு அலகிடும் எமது பழக்கத்தையே ஒக்கும். முதலிற் கேட்போம். எவ்விடத்தில் ஏழு சுரங்கள் போதாமற் போயின என்பதைச் செவி உணர்ந்த பின்னர், எட்டாவது சுரம் ஏன் வந்தது என்பதை எவரும் எமக்கு விளக்க வேண்டியிராது.